414 இருக்கா?

சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஒரு காலத்தில் பல்புக்கு நம்பர்தான் பெயர். "380 நாலு, 382 ரெண்டு, 207 ஒரு டப்பா" என்றால் போதும். கடைப் பையன் மர டிராயரை இழுத்து எண்ணிக் கொடுத்துவிடுவான். எந்த வண்டி, எந்த வருஷம் என்ற கேள்வியே வராது. என் பெரியப்பா அங்கே எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நம்பர்களை மனப்பாடம் செய்தேன். 380 என்றால் பிரேக்குக்கும் டெயில் லைட்டுக்கும் சேர்த்து இரண்டு பிலமென்ட் உள்ள பல்பு. 382 இண்டிகேட்டருக்கு, 21 வாட். 207 பார்க்கிங் லைட். 239 இரண்டு முனையும் கூம்பாக முடியும் நீளப் பல்பு. 987 டேஷ்போர்டு மீட்டருக்குள் திருகிப் போடும் சின்னது. 414 ஹெட்லைட்.

இப்போது நான் பழைய வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் செய்கிறேன். தாத்தாவின் காரை ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் வருகிறார்கள். போன மழைக்காலத்தில் 1950களின் மாரிஸ் மைனர் ஒன்றோடு ஒரு தம்பி வந்தார். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது, பெயின்ட் முடிந்துவிட்டது, சீட் தைத்தாகிவிட்டது.

"லைட்டு மட்டும்தாண்ணே பாக்கி. பல்பு வாங்கிப் போட்டா முடிஞ்சுது."

"எந்தப் பல்பு எரியலை தம்பி?"

"முன்னாடி ரெண்டும். பின்னாடி எல்லாம் எரியுது. நேத்து பெட்ரோல் பங்க் பக்கத்துல இருக்கிற கடையிலேயே வாங்கிப் போட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு முழு வரலாறே அடங்கியிருக்கிறது. அறுபது வருடங்களுக்கு மேலான ஒரு காரின் பின்பக்க பல்பு தெருமுனைக் கடையில் கிடைக்கிறது, அதே காரின் முன்பக்க பல்பு ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டையும் பட்டியலில் நம்பர் போட்டு விற்றது ஒரே லூகாஸ் கம்பெனிதான். பிறகு ஒன்று ஏன் பிழைத்தது, இன்னொன்று ஏன் மறைந்தது? இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்து எனக்குப் புரிந்த விடை இதுதான்: எந்தப் பல்பின் அடிப்பாகத்தைப் பற்றிப் பல நாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒத்துப்போனார்களோ அது பிழைத்தது. ஒரு நாட்டுக்காரர்கள் தமக்கென்று தனி அடிப்பாகம் வைத்துக்கொண்ட பல்பு, அந்த நாட்டின் கார்த் தொழிலோடு சேர்ந்து மறைந்தது. கண்ணாடியும் பிலமென்ட்டும் எங்கேயும் செய்துகொள்ளலாம். கண்ணாடியைத் தாங்கும் பித்தளைத் துண்டுதான் பல்பின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.

லூகாஸ் என்ற பெயர் நம் ஊருக்குப் புதிதல்ல. பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையால் அது சென்னைக்காரர்களின் சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெயருக்குரிய ஜோசப் லூகாஸ் பர்மிங்காம் நகரத்தில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். 1879இல் உயரச் சக்கர சைக்கிளின் அச்சில் தொங்கவிடும் எண்ணெய் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குச் 'சாலையின் அரசன்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். மோட்டார் கார் வந்தபோது அவருடைய கம்பெனி ஏற்கெனவே விளக்குக் கம்பெனியாக இருந்தது. அதனால்தான் பிரிட்டிஷ் காரின் வெளிச்சம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது.

ஆரம்பகாலக் கார்களில் பல்பே கிடையாது. சென்னைச் சாலையில் 1901இல் பாரி கம்பெனியின் போக் துரை காரை ஓட்டியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கார்களில் எண்ணெய் விளக்கு அல்லது கார்பைடு விளக்குதான். கார்பைடு கட்டிகளின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். கிளம்பும் அசிட்டிலீன் வாயு ரப்பர் குழாய் வழியாக விளக்குக்குப் போக, அதைத் தீக்குச்சியால் பற்றவைப்பார்கள். வெளிச்சம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு ராத்திரிப் பயணத்துக்குப் பிறகும் பாத்திரத்தில் சுண்ணாம்புச் சேறு நிற்கும், அதைக் கழுவ வேண்டும். மின்சார பல்பு அப்போதே வீடுகளில் இருந்தாலும் வண்டிக்கு ஒத்துவரவில்லை. பழைய கார்பன் பிலமென்ட் குலுக்கலில் முறிந்துவிடும். 1910 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கூலிட்ஜ், டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்க வழி கண்டார். அடுத்து 1912இல் கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்சார விளக்குமாக வெளிவந்தது. போர்டு மாடல் டி 1915இல்தான் மின்சார ஹெட்லைட்டுக்கு மாறியது, அதுவும் பேட்டரி இல்லாமல் நேரே மேக்னெட்டிலிருந்து. மெதுவாகப் போனால் மங்கும், எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் பளிச்சிடும். ஐம்பது வருடம் கழித்து நம் ஊர் ஸ்கூட்டர்களிலும் அதே சங்கதியைப் பார்த்தோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிழைத்தவற்றைப் பார்ப்போம். 380, 382, 207 மூன்றுக்கும் அடிப்பாகம் 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பித்தளை உருளை. பக்கத்தில் இரண்டு பின் இருக்கும், அழுத்தித் திருப்பினால் ஹோல்டரில் பூட்டிக்கொள்ளும். வீட்டுப் பல்பில் நாம் பார்த்த அதே ஏற்பாடு, கொஞ்சம் சின்னது. லூகாஸ் மட்டுமல்ல, ஜெர்மன்காரர்களும் அமெரிக்கர்களும் இதைத்தான் வைத்திருந்தார்கள். 1978இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் 37ஆம் எண் விதி, வண்டி பல்புகளின் அளவுகளை ஒரே பட்டியலில் எழுதி வைத்தபோது, இவற்றுக்குப் புதுப் பெயர்தான் வந்தது, உருவம் மாறவில்லை. 382 என்பது பி21டபிள்யூ ஆனது. 380 என்பது பி21/5டபிள்யூ ஆனது. 207க்கு ஆர்5டபிள்யூ. 239க்கு சி5டபிள்யூ. புதுப்பேட்டை நம்பரைச் சொன்னால் இன்றைய கடைக்காரர் விழிக்கலாம். இந்தப் பெயரைச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார்.

380இன் பின்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்வேன். 382இல் இரண்டு பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும். 380இல் ஒன்று மேலே, ஒன்று கீழே. காரணம், உள்ளே இரண்டு பிலமென்ட் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் டெயில் லைட் 21 வாட்டில் எரியும், பிரேக் பிடித்தால் 5 வாட் மட்டுமே கூடும். பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் பிடித்ததே தெரியாது. இதைத் தடுக்கத்தான் பின்னை ஏறுக்குமாறாக வைத்தார்கள். ஹோல்டர் தேய்ந்துபோன வண்டிகளில் பல்பை அமுக்கித் திருகித் தப்பாகப் பூட்டிவிடுகிறார்கள். இதில் இன்னொரு சேதமும் உண்டு. பழைய டெயில் லைட்டின் சிவப்பு பிளாஸ்டிக், ராத்திரி முழுக்க 21 வாட் சூட்டைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. உருகி நெளிந்துவிடும். பல்பு இருபது ரூபாய்க்குக் கிடைக்கலாம், அந்தச் சிவப்புக் கண்ணாடியை மறுபடி எங்கே தேடுவது?

இனி அந்தத் தம்பி கேட்ட முன்பக்கத்துக்கு வருகிறேன்.

ஹெட்லைட் மற்ற விளக்குகளைப் போலல்ல. டெயில் லைட்டில் பிலமென்ட் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் சிவப்பு சிவப்பாகத்தான் தெரியும். ஹெட்லைட்டில் அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் எல்லாமே. டூம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிண்ணம் பரவளைய வடிவம். அதற்கு ஒரே ஒரு குவியப் புள்ளி உண்டு. பிலமென்ட் அந்தப் புள்ளியில் இருந்தால் ஒளி இணையாக, நேராகக் கிளம்பித் தூரம் போகும். புள்ளிக்கு மேலே இருந்தால் ஒளி கீழே சாயும். இரண்டு பிலமென்ட் பல்பின் சூட்சுமம் இதுதான்: பிரைட்டுக்குக் குவியத்தில் ஒன்று, டிம்முக்குச் சற்று மேலே தள்ளி இன்னொன்று. 1920களில் இந்த யோசனை வருவதற்கு முன்னால் டிம் அடிப்பதற்கே பெரிய பாடுபட்டிருக்கிறார்கள். 1930களில் லூகாஸ் செய்த பெரிய ஹெட்லைட்டுகள் சிலவற்றில் உள்ளே மின்காந்தம் வைத்து, சுவிட்சைப் போட்டால் ஒரு பக்க டூமையே கீழே சாய்த்து, இன்னொரு பக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த ஏற்பாடு வேலை செய்யும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போடுவேன்.

அந்தக் காலத்து ஹோல்டர்களில் பல்பை முன்னும் பின்னும் நகர்த்தி போகஸ் பண்ண ஸ்குரூ இருந்தது. சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுநரே சரிசெய்ய வேண்டும். பல்பு மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதே வேலை. இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் முன்கூட்டியே போகஸ் செய்யப்பட்ட பல்பு. பித்தளை உருளையைச் சுற்றி அகலமான ஒரு காலர் இருக்கும். தொழிற்சாலையில் பிலமென்ட்டின் இடத்தைப் பார்த்துச் சரியான உயரத்தில், சரியான கோணத்தில் அந்தக் காலரை ஈயப் பற்று வைத்து நிறுத்திவிடுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது காலரில் உள்ள வெட்டைப் பார்த்துப் பொருத்துவது மட்டும். பிலமென்ட் தானாகக் குவியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி விளக்கின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. ஒரு தொழிற்சாலையின் துல்லியத்தை, இரண்டு விரலால் பிடிக்கக்கூடிய ஒரு வளையத்துக்குள் வைத்துக் கிராமத்து மெக்கானிக் கைக்கு அனுப்பிவைத்தார்கள்.

414 அப்படிப்பட்ட பல்பு. 12 வோல்ட், 50 வாட் பிரைட், 40 வாட் டிம். காலர் அகலம் 36 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கார்களின் ஏழு அங்குல லூகாஸ் விளக்குக்குள் அதுதான் உட்காரும். மோட்டார் சைக்கிள்களுக்கு அதன் 6 வோல்ட் தம்பி 312 என்று ஒன்று, 30 வாட்டும் 24 வாட்டும். 414இல் டிம் பிலமென்ட் மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளியிருக்கும். டிம் அடித்தால் வெளிச்சம் சாலையோரத்துக்குச் சாய வேண்டும் என்பதற்காக. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கு ஒரு வகை, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு இன்னொரு வகை என்று தனித்தனியாகச் செய்தார்கள். இன்று வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய ஸ்டாக் வாங்கிவந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காலர் பொருந்தும், எரியவும் எரியும், ஆனால் டிம் அடித்தால் எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் போகும் பல்பு அது.

ஐரோப்பியக் கண்டத்தில் வேறு வழியில் போனார்கள். ஜெர்மன் ஆஸ்ரம் கம்பெனி 1920களின் நடுவில் கொண்டுவந்த பைலக்ஸ் பல்பில், டிம் பிலமென்ட்டுக்கு அடியில் குட்டி உலோகக் குழி ஒன்று இருக்கும். கீழ்ப்பாதி டூமுக்கு ஒளி போகாமல் அது மறைக்கும். அந்த வம்சத்தில் வந்ததுதான் 45 மில்லிமீட்டர் காலரும் மூன்று காதும் உள்ள பல்பு, 45 வாட்டும் 40 வாட்டும். நம் நாட்டில் நிலைத்தது இதுதான். கார்களிலும் வேன்களிலும் 12 வோல்ட்டில், லாரிகளில் 24 வோல்ட்டில் பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால் இன்றும் நம் ஊரில் மூன்று காது பல்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. அம்பாசடர் வைத்திருக்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. 2014 வரை அந்த வண்டி உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்ததால் அதற்குரிய பல சாமான்களும் பிழைத்தன. மாரிஸ் மைனர்காரருக்கு அந்த வாய்ப்பில்லை. 36 மில்லிமீட்டர் காலரை நம்பியிருந்த பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது வேறு விளக்குக்கு மாறின. வாங்க ஆளில்லாத பல்பை யாரும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கர்கள் செய்தது இன்னும் முரட்டுத்தனமான காரியம். 1940இல் பல்பு, டூம், முன்கண்ணாடி மூன்றையும் ஒரே துண்டாக உருக்கி மூடிவிட்டார்கள். பியூஸ் போனால் விளக்கையே தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. தூசி போகாது, துருப்பிடிக்காது, எந்த ஊரிலும் ஒரே அளவு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய கார்களின் அழகான விளக்குகள் பல, புது யூனிட்டைப் பொருத்துவதற்காகக் கழற்றி எறியப்பட்டன. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அதே தவறு இன்று நம் பட்டறைகளில் தினமும் நடக்கிறது. 414 கிடைக்கவில்லை, எச்4 ஹாலஜன் எங்கும் கிடைக்கிறது. உடனே கத்தரியை எடுத்து டூமின் பின்பக்க ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கி, எச்4 பல்பை உள்ளே செருகி, எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுக்கிறார்கள். எச்4 1970களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பிலமென்ட் இருக்கும் தூரம் வேறு. அதற்குள்ளும் ஒரு மறைப்புக் குழி இருக்கிறது. அந்தப் பழைய டூமும் முன்கண்ணாடியில் வரிவரியாக வார்த்த கோடுகளும் மறைப்புக் குழி இல்லாத பல்புக்காகக் கணக்கிடப்பட்டவை. ஆக வெளிச்சம் சாலையில் விழாமல் மரக்கிளையில் விழுகிறது. வாட்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று 100 வாட் போடுகிறார்கள். எதிரே வருகிறவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டச் சொல்லி நம் ஊரில் எத்தனையோ வருடங்களாகப் போராடுகிறார்களே, அதற்கு இந்தப் பொருந்தாத பல்புகளும் ஒரு காரணம். எச்4 வேண்டுமென்றால் எச்4க்கென்றே செய்த ஏழு அங்குல யூனிட்டை முழுதாக வாங்கி மாட்டுங்கள். பழைய யூனிட்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். வெட்டிய டூமுக்கு மருந்து கிடையாது.

அந்தத் தம்பியின் மாரிஸுக்கு நான் செய்தது இதுதான். 36 மில்லிமீட்டர் காலரோடு ஹாலஜன் பல்புகளை இங்கிலாந்தில் பழைய கார்க்காரர்களுக்காக இப்போது விற்கிறார்கள். அவற்றை வரவழைத்தோம். வருவதற்குள் டூமின் எர்த் வயரை மாற்றினேன், கனெக்டரைச் சுரண்டினேன். பல்பு வந்ததும் தரை சமமான இடத்தில், சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ராத்திரியில் போகஸ் பார்த்தோம். பிரைட்டில் வெளிச்சத்தின் நடுப்புள்ளி விளக்கின் உயரத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. டிம் அடித்தபோது அது இறங்கி இடப்பக்கம் சரிந்தது. அவருக்கு அது என்னவென்று விளக்கிச் சொன்னதும், தாத்தா ராத்திரியில் திருச்சிக்கு இந்தக் காரைத்தான் ஓட்டிப் போவார் என்றார்.

6 வோல்ட் வண்டிகள் தனிக் கவலை. திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்து புல்லட்டிலிருந்து, மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வரைக்கும் நம் சாலையில் ஓடிய பைக்குகள் பெரும்பாலும் 6 வோல்ட். "சிக்ஸ் வோல்ட் லைட்டுல என்ன தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே அவற்றின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். 24 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் இழுக்கும், 6 வோல்ட்டில் 4 ஆம்பியர். கரண்ட் இரட்டிப்பானால் வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் ஆகும் நஷ்டமும் கூடும். வழியில் அரை வோல்ட் தொலைந்தால் 12இல் அது பெரிதாகத் தெரியாது. 6இல் அது நூற்றுக்கு எட்டுக்கு மேல். வோல்டேஜ் அவ்வளவு குறைந்தாலே பிலமென்ட்டின் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும், ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும் வேகத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக வெளிச்சம் இறங்கும். அதனால் 6 வோல்ட் வண்டிக்குப் புதுப் பல்பு தேடுவதற்கு முன்னால் ஹெட்லைட்டிலிருந்து பேட்டரியின் எர்த்துக்கு நேராக ஒரு தடித்த வயர் இழுத்துப் பாருங்கள். பெயின்ட் அடித்து எர்த்தை மூடிவிட்ட புல்லட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கூட்டருக்கு வருகிறேன். பம்பாயில் செய்த லாம்ப்ரெட்டா, லக்னோவில் செய்த விஜய் சூப்பர், அந்தக் கால பஜாஜ் எல்லாம் மாடல் டி போர்டைப் போல மேக்னெட்டிலிருந்து நேராக விளக்கெரித்தவை. இவற்றில் எந்த வாட் பல்பு என்பது உயிர்நாடி. மேக்னெட் தரும் மின்சாரத்தை ஹெட்லைட்டும் டெயிலும் மீட்டர் பல்பும் பங்கிட்டுக்கொள்ளும்படிதான் கணக்கு. ஒன்று பியூஸ் போனால் அதன் பங்கு மற்றவற்றின் மேல் ஏறும், வோல்டேஜ் கூடும், அடுத்தது போகும். இருட்டு ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒரு நொடியில் எல்லா விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் பெட்டியில் வெற்றிலைப் பொட்டலத்தோடு ஒரு செட் பல்பும் வைத்திருந்தார்கள் என்றால் காரணம் இதுதான். இன்று இந்த வண்டிகளுக்கு 25/25 வாட் 6 வோல்ட் ஹெட்லைட் பல்பு கிடைக்கவில்லையென்று 15 வாட் போடுகிறார்கள், 35 வாட் போடுகிறார்கள். முதலாவதில் டெயில் பல்பு சாகும். இரண்டாவதில் எல்லாமே மங்கும். டெயிலில் மட்டும் எல்.இ.டி. போட்டாலும் இதே தொல்லைதான், அது தன் பங்கை இழுக்காது. இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டால் பழைய பிளாஷர் வேலை செய்யாமல் நின்றுவிடும், ஏனென்றால் அந்த பிளாஷருக்குள் இருப்பது பல்பு இழுக்கும் கரண்ட்டில் சூடாகி வளையும் உலோகம்.

சின்னப் பல்புகளிலும் சில மறைந்துவிட்டன. 1961 வரைக்கும் மாரிஸ் மைனரில் கதவுத் தூணிலிருந்து கைபோல வெளியே நீளும் இண்டிகேட்டர் இருந்தது. அதற்குள் 256 என்ற 3 வாட் பல்பு இருக்கும். ஒல்லியானது, இரண்டு முனைக் கூம்பு. கடையில் கிடைக்கும் 239 கொஞ்சம் பருத்தது. அந்தக் கைக்குள் போகாது, போனாலும் சூட்டில் ஆரஞ்சு நிற மூடி நெளியும். மீட்டரில் திருகும் 987, டார்ச் லைட் பல்பின் அதே பத்து மில்லிமீட்டர் திருகு. டார்ச்சுக்கு பல்பு விற்ற காலத்தில் அந்தத் திருகுக்குச் சந்தை இருந்தது. டார்ச் எல்.இ.டி.க்கு மாறியதும் கடைக்காரர் அந்த டிராயரையே காலி செய்துவிட்டார்.

மறைந்துபோன இந்தப் பல்புகள் வேண்டுமென்றால் கடைகளை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். மாவட்டத் தலைநகரங்களில் அப்பா காலத்தில் டைனமோ சுருள் கட்டிய பட்டறைகள், பழைய பஸ் கம்பெனிகளின் ஸ்டோர் ரூம்கள், மூடிய பெட்ரோல் பங்க்குகளின் அலமாரிகள். கண்ணாடிக்குள் காற்று புகாத வரைக்கும் பெட்டியில் இருக்கும் பல்பு கெடுவதில்லை. ஐம்பது வருடப் பல்பு புதுசு போலவே எரியும். மூன்று சோதனை செய்து வாங்குங்கள். கண்ணாடியின் உள்பக்கம் பாலாடைபோல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வேண்டாம். மீட்டரை ஓமில் வைத்துப் பிலமென்ட்டை அளந்து பாருங்கள். 12 வோல்ட் 21 வாட் பல்பு எரியும்போது 7 ஓம் இருந்தாலும் குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓமுக்கும் கீழேதான் இருக்கும். அதைப் பார்த்து ஷார்ட் என்று தூக்கிப் போடாதீர்கள். அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை உதிர்ந்துவிட்டது. அதை மறுபடி ஒட்டலாம். பின் பக்க ஈயப் பொட்டு கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாள் போதும்.

பியூஸ் போன 414 கிடைத்தாலும் எறிய வேண்டாம். காலர் நல்லதாக இருந்தால் அது பொன். பற்றவைக்கும் இரும்பின் சூட்டில் ஈயத்தை இளக்கிக் காலரைத் தனியாக எடுத்து, பிலமென்ட் உயரம் ஒத்த வேறு பல்பில் ஏற்ற முடியும். நல்ல பல்பு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, காலரிலிருந்து பிலமென்ட் வரை வெர்னியரில் அளந்து, எரியவிட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டே பற்றுவைக்க வேண்டும். ஒரு பல்புக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆகும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த கடையிலோ நெளிகாகிதத்தில் சுற்றிய பழைய பல்பு டப்பா இருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் பித்தளை உருளையின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். அங்கே வோல்ட், வாட், நம்பர் மூன்றும் இருக்கும். 414, 312, 256, 6 வோல்ட் பிரேக்-டெயிலுக்கான 384, இவற்றில் எது இருந்தாலும் அதைத் தேடி அலைந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார்.